தாது வருஷத்துக் குழந்தை

(சீயமங்கலத்தில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பசித்த குழந்தைகளையும் பாதுகாப்பார் இல்லாத குழந்தைகளையும் சமயத் தொண்டர்கள் பேணிவந்த வரலாற்றைப் பற்றிச் சிறிது பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். யான் நாவன்மை உடையேன் அல்லேன். முப்பதாண்டுக் காலம் பள்ளியிற் கணக்குப் போதித்தவன். ஆகையால் சொல்லலங்காரத்தை என்னிடம் எதிர்பாராது, கணக்கை மாத்திரம் சரிபார்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன். என் பேச்சின் இடையே எங்கள் குடும்பத்திற்கு அவ்வளவு பெருமை தராத ஒரு விஷயமும் வரும். அதனைச் சபையிற் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் இப்பொருளைப் பேசுவது பொய்யாகும் என்று தோன்றியமையாற் சொல்லத் துணிந்தேன்.

நாம் கூடியிருக்கும் இவ்வூர் எளிய ஊர் அன்று. இங்குள்ள தூணாண்டார் கோயில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்தது. அவனிபாஜன பல்லவேச்சரம் என்பது அதன் பழம்பெயர். இவ்வூர்க் குன்றிலேயே சமணர் வழிபட்ட பார்சுவநாதர், பாகுபலி முதலியோர் உருவங்களும் உள்ளன. அச்சமணப் பெரியோர் தானத்தை நான்காக வகுத்தனர். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்பன அவை. பெரியவர்களுக்கு இந்நான்கில் ஏதேனும் ஒன்று போதுமானதாக இருக்கலாம். ஒரு குழந்தைக்கோ நான்கும் ஒருங்கே வேண்டும். யான் இன்று சொல்லப்போவது பெரும்பாலும் இவ்வளவே. ஆயினும் அதற்கு வரலாற்றிற் சாட்சி காட்ட வேண்டுமல்லவா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இரார். அங்கே பெரிய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. முற்றுகைக் காலத்திற் படைக்கு உணவு குறையக் கூடாதென்று அரசர்கள் கட்டிவைத்தவை அவை. ஆனால் 1876ஆம் ஆண்டு இந்தச் சீமை முழுதும் பசியால் முற்றுகையிடப்பட்டபோது கோட்டையும் பாழ், களஞ்சியமும் பாழ். அவ்வாண்டைத்தான் நம் பாட்டன்மார் தாது வருஷம் என்று சொல்லிப் பெருமூச்செறிந்தார்கள். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டிலும் நெடுங்காலம் மழையில்லை. 1871இற் சென்னை இராஜதானியின் ஜனத்தொகை ஏறக்குறைய 3 கோடியே 12 இலட்சம். பத்தாண்டு கழித்து எண்ணியபோது அது பெருகியிருக்க வேண்டியதற்கு மாறாக 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்திருந்தது. கணக்கு வாத்தியாராகிய யான் மாணாக்கர்களுக்குக் கழித்தல் கற்பிக்கும்போது இவ்விரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதுவதுண்டு. பிறக்க வேண்டியிருந்தவர்களையும் சேர்த்து யோசியுங்கள் என்பேன். பிள்ளைகள் சற்று நேரம் பேசமாட்டார்கள்.

அக்காலத்தில் அரசாங்கத்தார் செய்த உதவி இல்லையென்று சொல்லலாகாது. நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. சென்னையிலுள்ள பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்ச காலத்து வேலையாக வெட்டப்பட்டதே. ஆனால் 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் வந்து, சிக்கனத்தை முன்னிட்டு, வேலை செய்யும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று வரையறுத்தார். சென்னையின் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ், இவ்வளவில் மனிதன் உழைத்து உயிர்வாழ முடியாதென்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் அளவு உயர்த்தப்பட்டது. இந்த வாதமெல்லாம் வேலை செய்யக்கூடிய ஆளைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். கல் உடைக்க இயலாத ஐந்து வயதுக் குழந்தை எந்தக் கணக்கில் வரும்? தகப்பனுக்கே போதாத ஒரு ராத்தலில் அது பங்கு கேட்க வேண்டும். தகப்பன் இறந்தாலோ, கேட்பதற்கும் ஆள் இல்லை. பஞ்சத்திற் கஞ்சித் தொட்டியின் முன் வரிசையில் முண்டியடித்து நிற்பவன் வலியவன்; குழந்தை கடைசியில் நிற்கும், அல்லது நிற்கவே மாட்டாது.

இந்த இடத்திலேதான் சமயத் தொண்டர்கள் வருகிறார்கள். நமது வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஜில்லாக்களில் 1853 முதல் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலை செய்துவந்தது. ஸ்கடர் குடும்பத்தார் பரம்பரையாக அதன் வைத்தியர்கள். கத்தோலிக்கரில் சேத்துப்பட்டைத் தலைமையிடமாகக் கொண்டு தாராஸ் சுவாமியார் என்னும் பிரெஞ்சுக் குரு நெடுங்காலம் தொண்டு செய்தார். சேத்துப்பட்டு மாதா கோயிலின் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்கடர் குடும்பத்தில் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிற் பிறந்த பெண்குழந்தை ஐடா. பஞ்ச காலத்தில் அவளுக்கு ஆறு வயது. வீட்டு முற்றத்திற்கு வந்த பசித்த குழந்தைகளுக்கு ரொட்டி கொடுக்கும் வேலை அவளுக்கும் வாய்த்தது. கொடுத்த ரொட்டியைக் கையாற் பிடித்து உண்ணவும் வலுவற்றிருந்த குழந்தைகளின் வாயில், தான் துண்டு துண்டாகப் பிய்த்து ஊட்டியதைப் பிற்காலத்திலும் அவர் மறக்கவில்லை. வளர்ந்தபின் இந்தியாவே வேண்டாமென்றிருந்தவர், தாயாருக்கு உடல் நலமில்லாமையால் செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள திண்டிவனத்திற்குத் திரும்பிவந்தார். அங்கே ஒரே இரவில், மூன்று வீட்டார் பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்குப் பெண் வைத்தியர் வேண்டுமென்று வந்து கேட்டு, இல்லையென்று திரும்பிப்போனார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பின்பே அவர் மருத்துவம் கற்று, 1900ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையுடன் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1918இற் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் ஏற்படுத்தினார். நம் குடும்பங்களில் வேலூருக்குப் போய்ப் பிழைத்து வந்தவர் எத்தனை பேர் என்று யான் சொல்ல வேண்டுவதில்லை.

இனி எங்கள் குடும்பத்து விஷயம். இதனை என் பாட்டியார், நம்மூர் வழக்கில் ஆயா, தம் தாயார் சொல்லக் கேட்டு எனக்குச் சொன்னார். அந்தத் தாயாருக்குத் தாது வருஷத்தில் எட்டு வயது. அவருக்கு ஒரு தங்கை, ஐந்து வயது. மாடு விற்று, கலப்பை விற்று, கடைசியில் வாசற்கதவையும் விற்றபின் குடும்பம் ஊரை விட்டுப் புறப்பட்டது. வழியில் ஒரு கிறிஸ்தவ மிஷனார் நடத்திய கஞ்சித் தொட்டியில் மூன்று நாள் உண்டார்கள். தங்கை நடக்கும் நிலையில் இல்லை. ஒரு மாதத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தகப்பனார் அவளை அங்கிருந்த அம்மையாரிடம் ஒப்படைத்துப் போனார். அந்த ஒரு மாதம் இரண்டு வருஷம் ஆயிற்று. அவர் திரும்பி வந்தபோது குழந்தை உயிரோடிருந்தாள். எண்ணெய் தடவிப் பின்னிய தலையும் கையிற் பலகையுமாக இருந்தாளாம். தகப்பனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. உடன் வந்த பங்காளிகள், இவள் பலரோடு உட்கார்ந்து உண்டுவிட்டாள், இனி வீட்டில் எப்படிச் சேர்ப்பது, மற்றவளுக்கு வரன் எப்படி அமையும் என்று கேட்டார்கள். தகப்பனார் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். எட்டு வயதில் தங்கையைப் பிரிந்து பத்து வயதில் அவளைத் தூரத்தில் நின்று பார்த்த என் கொள்ளுப்பாட்டியார், சாகும்வரை அந்தப் பலகையைப் பற்றி மட்டும் பேசினாராம். தங்கையின் பெயரை வீட்டில் உச்சரிக்கக் கூடாதென்பது கட்டளை. அக்கட்டளை செவ்வனே நிறைவேறியது. அவள் பெயர் இன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

இதனை ஏன் சொன்னேன்? மிஷனார் பஞ்சத்தைச் சாக்காக வைத்து மதம் மாற்றினார்கள், கஞ்சி ஊற்றி ஆள் பிடித்தார்கள் என்று நம் கூட்டங்களிற் பேசப்படுவதை யானும் பலமுறை கேட்டிருக்கிறேன். இளமையிற் பேசியும் இருக்கிறேன். அக்குற்றச்சாட்டில் உண்மையே இல்லையென்று சொல்லமாட்டேன். ஊட்டிய வாய்களை எண்ணியவர்கள் ஞானஸ்நானங்களையும் எண்ணினார்கள். பசித்தவனுடைய சம்மதம் சுதந்திரமான சம்மதமாகாது. குழந்தைக்கோ சம்மதம் என்பதே கிடையாது. ஆனால் என் குடும்பத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அக்குழந்தை முதல் தடவை இழக்கப்பட்டது பஞ்சத்தால். அதற்கு எவரையும் குறைசொல்ல முடியாது. இரண்டாம் தடவை அவளை இழந்தது எங்கள் வாசலில் அன்று, மிஷனார் வாசலில். அங்கே அவளைக் கொடுக்கமாட்டோம் என்று எவரும் சொல்லவில்லை. வேண்டாமென்று சொன்னவர்கள் நாங்கள்.

அப்படியானால் நம்மவருள் மதம் கேளாமல், குலம் கேளாமல் உணவிட்டவர் இல்லையோ எனில், இருந்தார்; அதுவும் நமது பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே இருந்தார். தாது வருஷத்திற்கு ஒன்பதாண்டு முன்பு, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், வள்ளலார் இராமலிங்க அடிகள் வடலூரிற் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் 80 காணி நிலம் அளித்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யான் சென்றிருந்தபோது பந்தியில் எனக்கு வலப்புறம் ஒரு வழிப்போக்கரும் இடப்புறம் பள்ளிச் சீருடையில் இரண்டு சிறுவர்களும் இருந்தனர். எவரும் எவரையும் எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்கவில்லை. பசியை நீக்குவதையே ஜீவகாருணியத்தின் தலையாய செயலாக வைத்தவர் அடிகள். மணிமேகலை காஞ்சியிற் பசிப்பிணி தீர்த்ததைக் காப்பியமாகக் கேட்ட நாட்டிற்கு, அதனை அடுப்பும் அண்டாவுமாகச் செய்துகாட்டியவர் அவர்.

ஆயினும் ஒன்று சொல்வேன். அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தருமச்சாலை வருவோர்க்கு உணவிடும் இடம். உண்டவன் எழுந்து போய்விடுவான். எழுந்து போவதற்கு இடமில்லாத குழந்தையை என் செய்வது? இங்கே கணக்கு வருகிறது. மூன்று வயதுக் குழந்தையை ஏற்றுப் பதினெட்டு வயதில் அனுப்புவோமாயின் பதினைந்தாண்டு, அதாவது 5,475 நாள், மூன்று வேளையாக 16,425 வேளை. அன்னதானம் செய்கிறவர் ஒரு நாளில் ஆயிரம் இலை போட்டுவிடலாம். அதற்கு ஊரார் கூடுவார்கள், புகைப்படமும் எடுப்பார்கள். ஒரே இலையை 16,425 தடவை போடுவதற்கு வேறு விதமான நெஞ்சம் வேண்டும்.

அத்தகைய நெஞ்சம் மயிலாப்பூரிற் காணப்பட்டது. சுவாமி விவேகானந்தரின் குருபாயியாகிய சுவாமி இராமகிருஷ்ணானந்தர் சென்னையில் மடம் அமைத்துத் தொண்டு செய்துவந்தார். கோயம்புத்தூரிற் பிளேக் நோயாற் பெரியவர்களெல்லாம் மாண்டு, சிறுவர்கள் மாத்திரம் எஞ்சிய குடும்பம் ஒன்றைக் கேள்வியுற்று அவர் மனம் உருகினார். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு சிறு வாடகை வீட்டில் ஏழு பிள்ளைகளோடு ஸ்ரீ இராமகிருஷ்ணா மாணவர் இல்லம் தொடங்கியது. இராமு என்றும் இராமானுஜு என்றும் அன்பாக அழைக்கப்பட்ட இராமசுவாமி ஐயங்கார், இராமானுஜாசாரியார் என்னும் இல்லறத்தார் இருவர் அதனை நடத்தினார்கள். இவர்கள் துறவிகள் அல்லர். நம்மைப்போல் வீடு வாசல் உள்ளவர்கள். வீடுவீடாகச் சென்று அரிசியும் பணமும் கேட்டு வாங்கி, ஏழு பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் ஒழுக்கமும் கொடுத்தார்கள். அந்த இல்லம் நூறாண்டைக் கடந்தும் நடைபெறுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரைப் பற்றியும் ஒரு சொல். அயர்லாந்திற் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவிற்கு வந்தவர். 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுவரை ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர், அன்று முதல் பிரசங்கத்தைக் குறைத்துத் தொட்டில் ஆட்டத் தொடங்கினார். அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே. கைக்குழந்தைகள் சிலர் நோயால் மாண்டார்கள். அழுதார், ஆனால் நிறுத்தவில்லை. 1951ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். ஐம்பத்தைந்தாண்டில் ஒரு தடவையேனும் தாய்நாட்டிற்கு விடுமுறையிற் போகவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை அரசாங்கம் சட்டத்தால் ஒழித்தது 1947இல். அச்சட்டத்திற்காக நெடுநாள் போராடிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தாமும் 1931இல் அடையாற்றில் ஔவை இல்லத்தை நிறுவினார்.

சமயத்தின் பெயராற் செய்யப்பட்டதெல்லாம் நன்மையே என்று எவரும் எண்ணிவிடாதிருக்க, மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. கனடா நாட்டிற் பூர்வகுடிகளின் குழந்தைகளை அரசாங்கத்தார் பெற்றோரிடமிருந்து பிரித்து, கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். நூறாண்டிற்கு மேலாக ஒன்றரை இலட்சம் குழந்தைகள் அவ்வாறு வளர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. பசியும் நோயும் தாக்கிப் பல்லாயிரவர் இறந்தார்கள். அந்நாட்டு உண்மை அறியும் ஆணையம் 2015இல் இதையெல்லாம் வெளிப்படுத்தியது. அங்கும் உணவு இருந்தது, கூரை இருந்தது, ஜெபமும் இருந்தது. பெற்றோர் இருக்கும்போதே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டதுதான் குற்றம். நம் நாட்டிலும், எந்த மதத்தின் பலகை தொங்கினாலும், உள்ளே பார்ப்பவர் இல்லாத இல்லங்களிற் குழந்தைகள் துன்புற்றதுண்டு. ஆகவேதான் 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பதிவு செய்யாத இல்லம் நடத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். 1098 என்னும் எண்ணிற்கு எவரும் தொலைபேசியில் தெரிவிக்கலாம். நல்ல எண்ணத்தோடு நாமே ஒரு கொட்டகை போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம் என்று போன கூட்டத்தில் ஒரு அன்பர் சொன்னதற்கு இதுவே மறுமொழி.

அப்படியானால் இக்காலத்தில் நமக்கு வேலையே இல்லையா? அரசாங்கம் உணவிடுகிறதே என்பார்கள். உண்மைதான். 1920இற் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராய செட்டியார் காலத்து மாநகராட்சி தொடங்கிய மதிய உணவு, காமராசரால் 1956இல் நாடெங்கும் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் வந்துள்ளது. உலகத்தில் எந்த மடமும் மிஷனும் செய்ய முடியாத பெருங்காரியம் இது. இனிக் கழித்தல் கணக்குப் போடுங்கள். ஆண்டிற் பள்ளி நடக்கும் நாள் ஏறக்குறைய 210 என்று கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு வேளையாக 420 வேளை. ஒரு குழந்தைக்கு ஆண்டிற்கு வேண்டுவது 1,095 வேளை. எஞ்சுவது 675. பெற்றோர் உள்ள வீட்டில் அந்த 675 வேளையை எவரும் எண்ணுவதில்லை. தாயும் தகப்பனும் செங்கற் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும், பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போய், கண் தெரியாத பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைக்கு அவ்வெண் பெரிது. தகப்பன் குடித்துக் கிடக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் பெரிது. இவ்வூரைச் சுற்றி அத்தகைய பிள்ளைகள் இல்லையென்று சொல்வாரை, மே மாத விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது என்னுடன் ஏரிக்கரையில் நடந்துவரும்படி அழைக்கிறேன்.

நமது சங்கத்தின் கல்யாண மண்டப வருமானத்தில் ஒவ்வோராண்டும் மிச்சம் உண்டு. அதில் நம் குலத்து மாணவர்களுக்குப் பரிசளிக்கிறோம், நல்லதே. யான் வேண்டுவது, மிச்சத்தில் ஒரு பங்கை இந்த 675 வேளைக்கு ஒதுக்க வேண்டுமென்பது. பிள்ளைகளை அவரவர் வீட்டிலேயே, பாட்டியிடமே இருக்கவிட்டு, மாலை உணவும் பாடம் சொல்லிக்கொடுப்பாரும் மருந்துச் செலவும் நாம் தரலாம். அரசாங்கத்தின் வாத்சல்யா திட்டத்தில் இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. அதற்கு மனு எழுதத் தெரியாமலே பல வீட்டார் இருக்கிறார்கள். மனு எழுதிக்கொடுப்பதும் தர்மமே. ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் நம்மிற் குறைவா?

இதைக் காரியக் கமிட்டியிற் சொன்னபோது, பணம் நம்முடையது, பிள்ளைகள் நம்மவராகத்தான் இருக்க வேண்டும். காலனிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தால் உறுப்பினர்கள் ஒப்புவார்களா என்று ஒருவர் கேட்டார். அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. சங்கம் குலத்தின் பெயரால் நடப்பது என்பதை நினைவூட்டினார். அவருக்கு அன்று என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. வீட்டிற்கு வந்தபின் தோன்றியதைச் சொல்கிறேன். கஞ்சித் தொட்டியில் எங்கள் குடும்பத்துக் குழந்தை நின்றபோது, ஊற்றிய கை அவள் நம்மவளா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அன்றே இறந்திருப்பாள். நம்மவளா என்று கேட்டது, இரண்டு வருஷம் கழித்து, நம்மவரே.

யான் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரவில்லை. உறுப்பினர்கள் வீட்டிற் கலந்து யோசித்து, அடுத்த கூட்டத்திற் பேசலாம். எங்கள் குடும்பத்தார் மட்டும் முந்திக்கொண்டோம். இவ்வாண்டு ஒரு குழந்தையின் 675 வேளைக்கும் ஆகும் செலவை, என் கொள்ளுப்பாட்டியாரின் தங்கை பெயரால் ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்து, பணத்தை இன்று காலை பொருளாளரிடம் செலுத்தினேன். பெயர் தெரியாதென்றால் இரசீதில் எப்படி எழுதுவது என்று அவர் மயங்கினார். "தாது வருஷத்துக் குழந்தை" என்று எழுதச் சொன்னேன். அவ்வாறே எழுதித் தந்திருக்கிறார்.